அமெரிக்க அரசியலமைப்பை எதிர்த்தோர்

1788ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் நாள், பொஸ்டன் நகரிற் கூடியிருந்த மசாசூசெற்ஸ் மகாநாட்டிலே அமோஸ் சிங்கிள்ட்டரி என்னும் முதியவர் எழுந்து பேசினார். சட்டன் என்னும் நாட்டுப்புற ஊர் அவரைத் தன் பிரதிநிதியாக அனுப்பியிருந்தது. பெரும் படிப்புப் படித்தவரல்லர் அவர். ஐக்கிய அமெரிக்காவுக்கெனப் புதிதாக வரையப்பட்ட அரசியலமைப்பை ஏற்பதா, தள்ளுவதா என்பதே அம்மகாநாட்டின் முன்னிருந்த வினா. வழக்கறிஞரும் கற்றோரும் செல்வரும் நயமாகப் பேசி, எழுத்தறியாத ஏழை மக்கள் இம்மருந்தை விழுங்கும்படி செய்யப் பார்க்கின்றனர் என்று அவர் குறைகூறினார். அவர்களே நாளை காங்கிரஸ் சபைக்குச் செல்வர். அதிகாரம் முழுவதும் பணம் முழுவதும் அவர்கள் கையிற் சேரும். யோனாவைப் பெருமீன் விழுங்கியதுபோலச் சிறியோரையெல்லாம் விழுங்கிவிடுவர் என்றார். 1775ஆம் ஆண்டிலே எவரேனும் இத்தகைய திட்டமொன்றைக் கொண்டுவந்திருந்தால் அது அக்கணமே தூக்கியெறியப்பட்டிருக்கும் என்பதையும் அவர் நினைவூட்டத் தவறவில்லை.

அவருக்கு மறுமொழி கூற எழுந்தவர் வழக்கறிஞரல்லர், செல்வருமல்லர். லேன்ஸ்பரோ என்னும் மேற்குப்புற ஊரைச் சேர்ந்த ஜொனதன் சிமித் ஏர் பிடித்து உண்ணும் உழவர். தாம் பதவியை நாடுபவரல்லர் என்று தொடங்கிய அவர், நல்ல அரசாங்கத்தின் அருமையை அது இல்லாத நாளிலே தாம் கண்டறிந்ததாகக் கூறினார். முந்திய மாரிக்காலத்திலே எழுந்த கருமேகம் தம் ஊர்ப்புறமெங்கும் பரவியதையும், அயலவர் அயலவர்மீது துப்பாக்கி நீட்டியதையும், மக்கள் ஒரு கொடுங்கோலன் வந்தேனும் அமைதி தரட்டும் என்று ஏங்கும் நிலைக்கு வந்ததையும் அவர் விவரித்தார். இந்த அரசியலமைப்பைத் தாம் வரிவரியாகப் படித்துப் பார்த்ததாகவும், அந்நோய்க்கு மருந்தாகவே அதைக் கண்டதாகவும் அவர் முடித்தார்.

ஒருவர் மருந்தைக் கண்டு அஞ்சினார். மற்றவர் நோயைக் கண்டு அஞ்சினார். இருவருமே மண்ணை நம்பி வாழ்ந்த மக்களுக்காகப் பேசியவர்கள். அமெரிக்க அரசியலமைப்பை எதிர்த்தோரின் வரலாற்றை அறிய விரும்புவோர் இவ்விரு குரல்களையும் சேர்த்தே கேட்டல் வேண்டும். எதிர்த்தோர் மூடர் என்று வென்றவர் எழுதிய கதையும், ஆதரித்தோர் வஞ்சகர் என்று பின்வந்த சிலர் எழுதிய கதையும் ஒருசேரக் குறையுடையன.

நோய் யாதென முதலிற் பார்க்கவேண்டும். கடலுக்கு அப்பாலிருந்த பாராளுமன்றம் ஒன்று தம் சம்மதமின்றித் தமக்கு வரி விதிக்கலாகாது என்று வாதாடிப் போரிட்டு விடுதலை பெற்றவை 13 குடியேற்ற நாடுகள். விடுதலைக்குப் பின் அவை தம்மை மாகாணங்கள் என்று அழைத்துக்கொள்ளவில்லை. இராச்சியங்கள் என்றே அழைத்துக்கொண்டன. அச்சொல்லில் ஒரு பிடிவாதம் இருந்தது. 1781ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த கூட்டு உடன்படிக்கையின்படி, வெளிப்படையாகக் கொடுக்கப்பட்ட அதிகாரங்கள் தவிர மற்றெல்லாம் இராச்சியங்களிடமே இருந்தன. காங்கிரஸ் சபைக்கு வரி விதிக்கும் உரிமை இல்லை. பணம் வேண்டுமாயின் அது இராச்சியங்களிடம் கேட்கலாம். அவை கொடுத்தாலும் கொடுக்கலாம், கொடாமலும் விடலாம். உடன்படிக்கையைத் திருத்துவதற்கு 13 இராச்சியங்களும் ஒருமனப்பட வேண்டியிருந்தது. இறக்குமதிப் பொருள்கள்மீது நூற்றுக்கு ஐந்து வீதம் தீர்வை அறவிடக் காங்கிரஸ் 1781இல் அனுமதி கேட்டது. 12 இராச்சியங்கள் இசைய, மிகச் சிறியதான றோட் ஐலண்ட் மறுத்தது. 1783இல் மீண்டும் கேட்டது. இம்முறை நியூ யோர்க் தடைபோட்டது. போரிட்ட வீரருக்குக் கொடுக்கவேண்டிய சம்பளமும், கடன் கொடுத்தோர்க்குரிய வட்டியும் நிலுவையாய்க் கிடந்தன.

சிமித் சொன்ன கருமேகம் டானியல் ஷேஸ் என்பவரின் பெயரால் வரலாற்றில் வழங்குகின்றது. ஆயினும் அந்தக் கலகம் மத்திய அரசாங்கத்தை எதிர்த்து எழுந்ததன்று. அப்போது எதிர்ப்பதற்கு மத்தியில் ஒன்றும் இருக்கவில்லை. பொஸ்டனிலிருந்த இராச்சிய அரசாங்கம் போர்க்கடனை விரைவில் தீர்க்க எண்ணி மிகக் கடுமையான வரிகளை விதித்தது. அவற்றைப் பொன் வெள்ளி நாணயமாகச் செலுத்தவேண்டும் என்றது. மேற்குப்புற உழவரிடம் தானியம் இருந்தது, மாடு இருந்தது, நாணயம் இல்லை. வரிக்கும் கடனுக்குமாக அவர்களுடைய நிலமும் கால்நடையும் ஏலத்தில் விற்கப்பட்டன. சிலர் சிறைக்கும் அனுப்பப்பட்டனர். முறையீட்டுப் பத்திரங்களை எழுதி எழுதிச் சலித்தவர்கள், 1786ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் நாள் நோர்தாம்ப்டன் என்னும் ஊரில் திரண்டு நின்று நீதிமன்றம் கூடாதவாறு தடுத்தனர். நீதிமன்றம் கூடினாலன்றோ நிலம் ஏலத்துக்கு வரும்? அவ்வழக்கம் ஊருக்கு ஊர் பரவியது.

ஷேஸ் விடுதலைப் போரிலே கப்டனாய் இருந்தவர். 1787ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் நாள், அதாவது சிங்கிள்ட்டரி பேசுவதற்குச் சரியாக ஓராண்டுக்கு முன், அவரும் அவரைப் பின்பற்றியோரும் ஸ்பிரிங்பீல்ட் படைக்கலச்சாலையை நோக்கி நடந்தனர். பீரங்கி முழங்கிற்று; நால்வர் மாண்டனர்; ஏனையோர் கலைந்தோடினர். ஜெனரல் பெஞ்சமின் லிங்கன் கொட்டும் பனியில் இரவு முழுவதும் படை நடத்திச் சென்று, பெப்ரவரி 4ஆம் நாள் பீட்டர்ஷம் என்னுமிடத்தில் எஞ்சியோரைச் சிதறடித்தார். அந்தப் படைக்குப் பணம் கொடுத்தது அரசாங்கமன்று. பொஸ்டன் வர்த்தகர்கள் தம் கைப்பணத்திலிருந்து கொடுத்தார்கள். அரச திறைசேரியில் அதற்கும் காசு இல்லை! அவ்வாண்டு நடந்த தேர்தலில் மக்கள் தேசாதிபதி போடினை நீக்கி ஜோன் ஹன்கொக்கைத் தெரிவுசெய்தனர். தூக்குத்தண்டனை பெற்றோரிற் பெரும்பாலோர் மன்னிக்கப்பட்டனர். பின்னர் ஷேஸும் மன்னிப்புப் பெற்றார்.

இக்கலகமே புதிய அரசியலமைப்பைப் பெற்றெடுத்தது என்று பாடநூல்கள் சொல்வதுண்டு. அது சற்று மிகை. பிலடெல்பியாவிற் கூடுவதற்கான அழைப்பு 1786 செப்டம்பரிலேயே, ஸ்பிரிங்பீல்டிலே பீரங்கி வெடிப்பதற்கு முன்பே, விடுக்கப்பட்டுவிட்டது. ஆனால் தயங்கி நின்றோரைப் பிலடெல்பியாவுக்கு விரைந்து செல்லத் தூண்டியது அக்கலகமே என்பதில் ஐயமில்லை. வாஷிங்டன் அச்செய்தி கேட்டுக் கலங்கினார். பாரிஸ் நகரில் தூதராய் இருந்த ஜெபர்சனோ, இடைக்கிடை சிறு கலகம் எழுவது நாட்டுக்கு நலமே என்று கடிதம் எழுதினார். கலகம் நிகழ்ந்த இடத்திலிருந்து 3,000 மைலுக்கு அப்பால் இருந்தமையும் அவர் அமைதிக்கு ஒரு காரணமாய் இருந்திருக்கலாம்.

1787 மே மாதம் தொடங்கிச் செப்டம்பர் 17 வரை பிலடெல்பியா மகாநாடு நடந்தது. கலந்துகொண்டோர் 55 பேர். உள்ளே பேசப்படுவது வெளியே போகலாகாது என்று விதி செய்து, கதவடைத்துக்கொண்டு பேசினர். கூட்டு உடன்படிக்கையைத் திருத்த வந்தவர்கள் அதை அப்புறப்படுத்திவிட்டு முற்றிலும் புதிய ஒன்றை வரைந்தனர். புதிய காங்கிரஸ் சபைக்கு எல்லா வகையான வரிகளையும் விதிக்கும் அதிகாரம் உண்டு. படை திரட்டும் அதிகாரம் உண்டு. அதன் சட்டங்கள் இராச்சியங்களின் சட்டங்களுக்கு மேலானவை. 13 இராச்சியங்களும் இசையவேண்டும் என்ற பழைய விதியையும் விட்டு, 9 இசைந்தாற் போதும் என்று எழுதினர்.

மகாநாடு முடியச் சில நாட்களே இருக்கையில் வேர்ஜீனியாவின் ஜோர்ஜ் மேசன், மக்களின் உரிமைகளைப் பட்டியலிடும் சாசனம் ஒன்றையும் முன்னால் வைக்கலாமே என்றார். 1776இல் வேர்ஜீனியாவின் உரிமைப் பிரகடனத்தை வரைந்தவர் அவர். சில மணி நேரத்தில் எழுதிவிடலாம் என்பது அவர் கருத்து. ஓர் இராச்சியமேனும் அதற்கு வாக்களிக்கவில்லை. வீடு திரும்பும் அவசரம் எல்லார்க்கும் இருந்தது. மேசனும், மசாசூசெற்ஸைச் சேர்ந்த எல்பிரிட்ஜ் கெரியும், வேர்ஜீனியாவின் எட்மண்ட் றண்டொல்பும் கையொப்பமிட மறுத்துவிட்டனர். அந்த அவசரத்துக்கு ஆதரவாளர் பின்னர் பெருவிலை கொடுக்கவேண்டியதாயிற்று.

இவ்விடத்திற் பெயர்களைப்பற்றி ஒரு சொல். வலிய மத்திய அரசாங்கத்தை விரும்பியோர் தம்மைச் சமஷ்டிவாதிகள் என்று அழைத்துக்கொண்டனர். சுதந்திர இராச்சியங்களின் தளர்ந்த கூட்டையே சமஷ்டி என்று அதுவரை உலகம் கருதிவந்தது. அதைக் காக்க நின்றோர் சமஷ்டி எதிர்ப்பாளர் என்று பெயர் பெற்றனர். கெரிக்கு இது கடைசிவரை உறுத்தலாகவே இருந்தது. நல்ல பெயரை முந்திக் கைப்பற்றியவருக்குப் பாதி வெற்றி கிடைத்துவிடுகின்றது.

முறைகேடுகளும் நடந்தன. பென்சில்வேனியா சட்டசபையில், மகாநாட்டுக்குரிய தேர்தலை அவசரமாக நடத்தும் பிரேரணையைத் தடுக்க எதிர்ப்பாளர் சமூகமளியாது ஒதுங்கினர். சபை கூடுவதற்கு வேண்டிய தொகையில் இருவர் குறைந்தனர். நகரத்துக் கூட்டம் ஒன்று அவர்கள் தங்கியிருந்த வீட்டுக்குச் சென்று இரு உறுப்பினரைத் தெருவழியே இழுத்துவந்து ஆசனத்தில் இருத்திற்று. அவர்களில் ஒருவர் எழுந்து போக முயன்றார், வாயில் மறிக்கப்பட்டது. சபை கூடியதாகக் கணக்கிடப்பட்டது! பின்னர் கூடிய மகாநாட்டில் 46 பேர் ஆதரிக்க, 23 பேர் எதிர்த்தனர். எதிர்த்தோரின் தலைவர்கள் றொபேட் வைட்ஹில், ஜோன் ஸ்மைலி, வில்லியம் பின்ட்லி என்னும் மூவர். நகரத்தவர் அல்லர்; உட்புற, மேற்குப்புற மக்களின் பிரதிநிதிகள். தம் மறுப்பை அச்சிட்டு நாடெங்கும் பரப்பினர். தூரத்திலிருந்து வரும் வரி, தூரத்திலிருக்கும் நீதிமன்றம், சமாதான காலத்திலும் கலையாத நிலைப்படை என்னும் மூன்றும் அவர்களின் அச்சங்களில் முதன்மையானவை. பின்ட்லி, ஸ்மைலி என்னும் இருவரையும் வாசகர் நினைவில் வைத்திருத்தல் நன்று. ஆறு ஆண்டுகளுக்குப் பின் அவர்களை மீண்டும் சந்திப்போம்.

பொஸ்டன் மகாநாட்டுக்குத் திரும்புவோம். அங்கே தொடக்கத்தில் எதிர்ப்பாளரே மிகுதி என்று எண்ணப்பட்டது. தலைமை வகிக்கத் தெரிவான ஹன்கொக், வாதநோயைக் காரணங்காட்டி வீட்டிலேயே இருந்தார். எப்பக்கம் வெல்லும் என்று தெரியும்வரை அந்நோய் குணமாகாது என்று சிலர் நகைத்தனர். சமஷ்டிவாதிகள் அவரிடம் ஒரு வழியைக் கொண்டுசென்றனர்: அரசியலமைப்பை நிபந்தனையின்றி ஏற்போம், அதனோடு சில திருத்தங்களைச் சிபாரிசாக அனுப்புவோம். ஹன்கொக் கம்பளி சுற்றிய கால்களோடு சபைக்குத் தூக்கிவரப்பட்டுத் திருத்தங்களைத் தம் பெயரிலேயே முன்வைத்தார். தயங்கியிருந்த சாமுவேல் அடம்ஸும் இசைந்தார். பெப்ரவரி 6ஆம் நாள் 187 பேர் ஆதரித்தனர். 168 பேர் எதிர்த்தனர். பத்துப்பேர் மனம் மாறியிருந்தால் முடிவு மாறியிருக்கும்.

மசாசூசெற்ஸ் அனுப்பிய 9 திருத்தங்களையும் ஊன்றிப் படிப்போர் ஒன்றைக் காண்பர். பேச்சுரிமை அங்கே இல்லை. சமய உரிமை இல்லை. பத்திரிகை உரிமையும் இல்லை. முதலாவது திருத்தம், வெளிப்படையாகக் கொடுக்கப்படாத அதிகாரங்கள் யாவும் இராச்சியங்களுக்கே உரியன என்பது. இன்னொன்று, சுங்கத் தீர்வையும் மதுவரியும் போதாமற் போனாலன்றி, அப்போதும் முதலில் இராச்சியங்களிடம் கேட்டுப் பார்த்தாலன்றி, காங்கிரஸ் நேர்வரி விதிக்கலாகாது என்பது. குற்றவழக்கிலும் உரிமை வழக்கிலும் ஜூரர் வேண்டும் என்ற கோரிக்கைகளும் இருந்தன. ஆனால் பெரும்பாலானவை அதிகாரத்துக்கு எல்லை குறிக்கும் திருத்தங்களே. எதிர்ப்பாளர் அரசாங்கத்தின் கட்டடத்தையே மாற்றக் கேட்டனர். பின்னர் அவர்களுக்குக் கிடைத்ததையும் இதையும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டியிருக்கின்றது.

1788 ஜூன் மாதம் றிச்மண்ட் நகரிற் கூடிய வேர்ஜீனியா மகாநாடு இவ்வாதத்தின் உச்சம் எனலாம். ஒரு பக்கம் சிறிய உருவமும் மெல்லிய குரலும் படைத்த ஜேம்ஸ் மடிசன். மறுபக்கம் நாடே அறிந்த நாவலர் பற்றிக் ஹென்றி. இராச்சியங்களாகிய நாம் என்று சொல்லாமல் மக்களாகிய நாம் என்று எழுத இவர்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள் என்பது ஹென்றியின் முதற் கேள்வி. அவர் வாதத்தில் மிகக் கூர்மையான பகுதி வரி அறவிடுவோரைப் பற்றியது. வேர்ஜீனியாவின் சொந்த வரி அதிகாரிகளே மக்களைப் பிழிந்தெடுத்திருக்கின்றனர்; ஆயினும் சட்டசபை அருகில் இருந்தமையால் அவர்களை அடக்க முடிந்தது; இனி மத்தியின் அதிகாரியும் வருவான்; அவன் கொடுமை செய்தால் எவ்வளவு தூரம் போய் யாரிடம் முறையிடுவது என்று அவர் கேட்டார். மடிசன் அதற்குப் பொறுமையோடு மறுமொழி கூறினார்: வரிக்கு வழியில்லாத அரசாங்கம் அரசாங்கமே அன்று, இராச்சியங்களைக் கெஞ்சிக் கேட்கும் முறை போதிய அளவு சோதிக்கப்பட்டுவிட்டது. இதை மறுக்க ஹென்றியிடம் வலுவான விடை இருக்கவில்லை.

ஹென்றியின் வாதத்தில் இன்னொரு பகுதியும் உண்டு. அவரைப் போற்றுவோர் அதைப் படிக்காமல் தாண்டிவிடுவர். மத்திய அரசாங்கம் வலிமை பெற்றால் ஒரு நாள் அடிமைகளை விடுவித்துவிடும் என்பதும் அவர் அம்மகாநாட்டில் விடுத்த எச்சரிக்கைகளில் ஒன்று. அடிமைமுறை வெறுக்கத்தக்கது என்று ஒப்புக்கொண்டே அதைச் சொன்னார். அடிமை வியாபாரத்தை 1808 வரை தடைசெய்ய முடியாதெனப் புதிய திட்டம் கூறியதை வன்மையாகக் கண்டித்த மேசனும் பெருந்தொகை அடிமைகளை உடையவரே. தூரத்து அதிகாரத்தை எதிர்த்துச் சுதந்திரம் கேட்டவர்களின் வயல்களில், வாக்கும் குரலுமின்றி உழைத்தவர்களை அந்த மகாநாடுகளில் எவரும் கேட்கவில்லை. மத்தியின் கை வீட்டுக்குள் வரலாகாது என்னும் கூற்று, வீட்டுக்குள் நடப்பதை மறைக்கும் திரையாகவும் பயன்பட்டது.

வேர்ஜீனியா 89க்கு 79 என்ற கணக்கில் ஏற்றது. உரிமைப் பிரகடனமாக 20, வேறு திருத்தங்களாக 20, ஆக 40 சிபாரிசுகளை அனுப்பியது. அதற்குச் சில நாட்களுக்கு முன்பே நியூ ஹாம்ப்ஷயர் ஒன்பதாவதாக இசைந்துவிட்டது. நியூ யோர்க் 30க்கு 27. வட கரோலைனா திருத்தங்கள் வரும்வரை ஏற்க மறுத்து 1789 நவம்பர் வரை வெளியே நின்றது. றோட் ஐலண்ட் மக்களிடமே நேராக வாக்குக் கேட்டது. ஆதரவாளர் பெரும்பாலும் வாக்களிக்கச் செல்லாத அத்தேர்தலில் ஆதரவு 237, எதிர்ப்பு 2,700க்கு மேல். 1790 மே மாதத்திலேயே, 34க்கு 32 என்ற இழுபறியில், அது உள்ளே வந்தது.

தோற்றவர்கள் ஆயுதம் எடுக்கவில்லை. அரசியலமைப்பை ஏற்று, அதற்குள் நின்று திருத்தங்களைக் கேட்க முடிவுசெய்தனர். ஹென்றியின் செல்வாக்கினால் வேர்ஜீனியா சட்டசபை மடிசனுக்குச் செனட் சபையில் இடம் கொடுக்கவில்லை. கீழ்ச்சபைத் தேர்தலிலும் அவருக்குப் பாதகமான தொகுதி அமைந்தது; எதிரே ஜேம்ஸ் மன்றோ நின்றார். உரிமைச் சாசனம் தேவையில்லை என்று முன்பு வாதாடிய மடிசன், தெரிவானால் தாமே திருத்தங்களைக் கொண்டுவருவதாக வாக்களித்தே வெல்லவேண்டியிருந்தது. அந்த வாக்கை அவர் காப்பாற்றினார். 1789 ஜூன் 8ஆம் நாள் அவர் எழுந்தபோது சபையில் உற்சாகம் இல்லை. சுங்க வரி, உத்தியோகங்கள் முதலிய அவசர வேலைகள் கிடக்க இது இப்போது எதற்கு என்றனர் அவருடைய நண்பர்களே.

மடிசன் தெரிந்தெடுத்த முறை கவனிக்கத்தக்கது. இராச்சியங்கள் அனுப்பிய சிபாரிசுகளிலிருந்து பேச்சு, பத்திரிகை, சமயம், ஜூரர் விசாரணை, வீட்டைச் சோதனையிடுதல் என்பன பற்றியவற்றை எடுத்துக்கொண்டார். வரி அதிகாரத்தைக் குறைப்பவற்றை விட்டுவிட்டார். அவற்றைச் சேர்க்க எதிர்ப்பாளர் சபையிலே முயன்று தோற்றனர். கொடுக்கப்படாத அதிகாரங்கள் இராச்சியங்களுக்கோ மக்களுக்கோ உரியன என்ற திருத்தம் இடம்பெற்றது. ஆனால் “வெளிப்படையாக” என்ற ஒரு சொல்லைச் சேர்க்கவேண்டும் என்று தென் கரோலைனாவின் தோமஸ் டியூடர் டக்கர் வேண்டியபோது சபை மறுத்துவிட்டது. பழைய உடன்படிக்கையில் இருந்த சொல் அது. அந்த ஒரு சொல் இருந்திருந்தால் பின்வந்த பல வழக்குகளின் போக்கே வேறாயிருக்கும். குற்றஞ்சாட்டப்பட்டவர் தம் அயலவரான ஜூரரால் விசாரிக்கப்படவேண்டும் என்று மடிசன் எழுதியதையும் செனட் சபை தளர்த்தி, இராச்சியமும் மாவட்டமும் என்று மாற்றியது. பென்சில்வேனியா முழுவதும் ஒரே நீதி மாவட்டம். அப்போது அதைப் பலர் பெரிதாக எண்ணவில்லை.

இத்திருத்தங்களைப் பற்றித் தென் கரோலைனாவின் ஈடானஸ் பேர்க் என்பவர் சபையிலே கூறிய உவமை ஒன்று உண்டு. திமிங்கிலம் கப்பலை மோத வரும்போது மாலுமிகள் வெறும் மரத்தொட்டியொன்றைக் கடலில் எறிவார்களாம். அது தொட்டியோடு விளையாடிக்கொண்டிருக்கும்போது கப்பல் தப்பிப் போய்விடும். இத்திருத்தங்களும் அப்படிப்பட்டவை, நுரையும் காற்றுமே என்றார் அவர். பொஸ்டனிலே சிங்கிள்ட்டரி கண்ட பெருமீன் அரசாங்கம். இங்கே பேர்க் கண்ட திமிங்கிலமோ மக்கள். பேர்க் சொன்னது முற்றிலும் சரியன்று. அந்தத் தொட்டி பின்வந்த தலைமுறைகளுக்குத் தோணியாயிற்று. எத்தனையோ எளியவர் நீதிமன்றங்களில் அதைப் பற்றிக்கொண்டு கரையேறியுள்ளனர். ஆனால் 1789இல் நின்று பார்த்தவருக்கு, கேட்டது ஒன்று, கிடைத்தது வேறொன்று என்ற மனக்குறை நியாயமானதே. 12 திருத்தங்கள் இராச்சியங்களுக்கு அனுப்பப்பட்டு, அவற்றில் 10 மாத்திரம் 1791 டிசம்பர் 15ஆம் நாள் நிறைவேறின.

அதே 1791ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், திறைசேரிச் செயலாளர் அலெக்ஸாந்தர் ஹமில்டனின் யோசனைப்படி, உள்நாட்டில் வடிக்கும் சாராய வகைகள்மீது காங்கிரஸ் மதுவரி விதித்தது. இராச்சியங்களின் போர்க்கடனை மத்திய அரசாங்கம் தன் தலையில் ஏற்றுக்கொண்டதால் வந்த செலவுக்கு அது வேண்டியிருந்தது. நாட்டுக்குள் உண்டாகும் பொருளின்மேல் புதிய அரசாங்கம் விதித்த முதல் வரி அதுவே.

பென்சில்வேனியாவின் மேற்குப்புறத்தில் விஸ்கி என்பது வெறும் குடிவகையன்று. அல்லெகெனி மலைத்தொடரைத் தாண்டிக் கிழக்குச் சந்தைக்குத் தானியம் கொண்டுபோக வண்டிப்பாதை இல்லை. பொதி குதிரைதான் வழி. ஒரு குதிரை நான்கு புசல் றை தானியமே சுமக்கும். அதையே விஸ்கியாக வடித்தால் 24 புசல் தானியத்தின் பெறுமதியைச் சுமக்கும். மிசிசிப்பி ஆற்றின் வாயை ஸ்பானியர் அடைத்திருந்தனர். நாணயம் அரிதான அவ்வூர்களில் விஸ்கியே கூலியாகவும் பண்டமாற்றாகவும் வழங்கிற்று. வரியையோ நாணயமாகச் செலுத்தவேண்டும். ஆண்டு முழுவதும் வடிக்கும் பெரிய வடிசாலைக்காரருக்குக் கலனுக்கு விழும் வரி குறைவு. அறுவடைக்குப் பின் சிறிது வடிக்கும் உழவனுக்கு அதிகம். செலுத்தத் தவறியவன் விசாரணைக்கு 300 மைலுக்கு அப்பாலிருந்த பிலடெல்பியாவுக்குப் போகவேண்டும். போகவும் வரவும் ஆகும் செலவே அவன் நிலத்தை விழுங்கப் போதுமானது. தூரத்து வரியும் தூரத்து நீதிமன்றமும் என்று பின்ட்லியும் ஸ்மைலியும் 1787இல் எழுதிய அச்சம் சொல்லுக்குச் சொல் பலித்துவிட்டது.

முறையீடுகள் எழுதப்பட்டன, கூட்டங்கள் கூடின. ஜெனீவாவிலிருந்து வந்து அம்மேற்குப்புறத்திற் குடியேறிய அல்பேர்ட் கலட்டின் என்னும் இளைஞர் அக்கூட்டங்களில் எழுத்து வேலை பார்த்தார். வரி அறவிடுவோருடன் எவரும் பழகலாகாது என்று 1792இல் பிற்ஸ்பேர்க்கில் இயற்றிய தீர்மானத்துக்குத் தாமும் உடன்பட்டமையை, தம் அரசியல் வாழ்வின் ஒரே பாவம் என்று அவர் பின்னர் சொல்லி வருந்தினார். காரணம், சிலர் தீர்மானத்தோடு நிற்கவில்லை. வரி அதிகாரிகளைப் பிடித்து உடலெங்கும் தார் பூசிச் சிறகு ஒட்டி அவமானம் செய்தனர். 1794 ஜூலையில், பிலடெல்பியாவுக்கு வரும்படி அழைப்பாணைகள் வந்தபோது, பிராந்திய மேற்பார்வையாளரான ஜோன் நெவில் என்பவரின் வீட்டை நூற்றுக்கணக்கானோர் சூழ்ந்தனர். முன்னாட் போர்வீரரான ஜேம்ஸ் மக்பார்லன் அங்கே சுடப்பட்டு மாண்டார், வீடு தீக்கிரையாயிற்று. வழக்குகளை அயலிலுள்ள நீதிமன்றங்களிலேயே விசாரிக்கலாம் என்று காங்கிரஸ் முந்திய மாதத்திலேதான் சட்டத்தைத் திருத்தியிருந்தது; அந்த அழைப்பாணைகளோ பழைய சட்டத்தின்கீழ் எழுதப்பட்டவை. ஒரு மாதம் பொறுத்திருந்தால் அந்த உயிர் போயிராது என்று எண்ணத் தோன்றுகின்றது.

ஆகஸ்ட் முதலாம் நாள் பிற்ஸ்பேர்க் அருகே பிரடொக் வெளியில் ஏறக்குறைய 7,000 பேர் திரண்டனர். நிலமே இல்லாத ஏழைகள் அவர்களுட் பலர். சனாதிபதி வாஷிங்டன் நான்கு இராச்சியங்களின் குடிப்படைகளிலிருந்து 13,000 அளவினரைத் திரட்டி, பாதிவழிவரை தாமே உடன் சென்றார். ஹமில்டனும் கூடவே போனார். இதற்கிடையிற் கலட்டினும் பின்ட்லியும் தம் மக்களிடையே நின்று, சட்டத்துக்குப் பணியுங்கள் என்று வாதாடினர். துப்பாக்கி ஏந்திய கூட்டத்தின் முன் பிரெஞ்சுச் சாயல் கலந்த ஆங்கிலத்தில் அவ்வாறு பேசுவதற்குத் துணிவு வேண்டும். படை மலை கடந்து சென்றபோது எதிர்த்துப் போரிட எவரும் இருக்கவில்லை. பிடிபட்டோரில் இருபதளவினர் பிலடெல்பியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டுத் தெருக்களில் நடத்தப்பட்டனர். ஜூரர் இருவரை மட்டுமே இராசத்துரோகக் குற்றவாளிகளாகக் கண்டனர். அவ்விருவரையும் வாஷிங்டன் மன்னித்தார்.

எட்டு ஆண்டுகளுக்கு முன் மசாசூசெற்ஸில் அரசாங்கத்துக்குப் படை திரட்டப் பணமில்லை. இப்போது மத்தியில் அஞ்சத்தக்க ஓர் அரசாங்கம் இருந்தது. பொஸ்டனிற் பேசிய ஜொனதன் சிமித் வேண்டியதும் இதுவே. சிங்கிள்ட்டரி அஞ்சியதும் இதுவே.

ஆயினும் மேற்குப்புற மக்கள் வரியைப் பெரும்பாலும் செலுத்தவில்லை, சத்தமின்றித் தட்டிக்கழித்தனர். அவர்கள் துப்பாக்கியை வைத்துவிட்டு வாக்கை எடுத்தனர். பின்ட்லி, ஸ்மைலி, கலட்டின் மூவரும் காங்கிரஸ் சபையில் இருந்தனர். 1798இல் அரசாங்கத்தைக் கண்டித்து எழுதுவோரைத் தண்டிக்கும் சட்டம் வந்து, வேர்மொண்ட் பிரதிநிதி மத்தியூ லயன் நான்கு மாதம் சிறையிருந்தபோது, பேச்சுரிமைத் திருத்தம் நிறைவேறி ஏழாண்டுகூட முடியவில்லை. அவருடைய தொகுதி மக்கள் அவரைச் சிறையிலிருக்கும்போதே மீண்டும் தெரிவுசெய்தனர். 1801இல் ஜெபர்சன் சனாதிபதியானார். ஹமில்டன் இருந்த ஆசனத்தில், திறைசேரிச் செயலாளராய்க் கலட்டின் அமர்ந்தார். 1802இல் விஸ்கி வரி நீக்கப்பட்டது.

பத்தாண்டு சென்றது. 1812இல் பிரித்தானியாவோடு போர் மூளும் நிலை வந்தபோது சனாதிபதியாயிருந்தவர் மடிசன். திறைசேரி இன்னும் கலட்டினின் கையிலேயே இருந்தது. போர் நடத்தப் பணம் வேண்டும். கடல் வாணிகம் தடைப்பட்டதால் சுங்க வருமானம் குறைந்துபோயிற்று. உள்நாட்டு வரிகளை மீண்டும் விதிக்கவேண்டும் என்று காங்கிரஸுக்கு எழுதியவர் கலட்டினே. 1813இல் அவை சட்டமாயின. வரிக்குரியனவாகக் குறிக்கப்பட்ட பொருள்களுள் வடிசாலைகளும் இருந்தன.